நான் பிடுங்கிய நாலு ஆணி

பழைய மரப் பந்தயப் படகுகளைச் சரிசெய்கிறவனுக்கு எதிரிகள் இரண்டே பேர்: ஒன்று தண்ணீர், இன்னொன்று படகின் சொந்தக்காரர். தண்ணீராவது மரத்தை மட்டும்தான் அரிக்கும்.

கல்ஃபில் நீங்கள் ஏசி, லிஃப்ட், பைப் என்று எதைப் பழுதுபார்க்கிறவராக இருந்தாலும் சரி, "சின்ன வேலைதான் பாய், டூ மினிட்ஸ்" என்று ஒருவர் வந்து நின்றதும் உங்கள் வயிற்றுக்குள் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். நமக்கெல்லாம் ஒரே வயிற்றெரிச்சல்தான். அந்த உரிமையில் சொல்கிறேன், கேளுங்கள்.

நான் தூத்துக்குடிக்காரன். புஜைராவில் மீன்பிடித் துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு தகர ஷெட்டில் பதினேழு வருஷமாக ஹைட்ரோபிளேன் படகுகளுக்கு வைத்தியம் பார்க்கிறேன். தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொன்னால், சாதாரணப் படகு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும். இது தண்ணீரைத் தட்டித் தட்டிப் பறக்கும். முன்னால் இரண்டு பக்கமும் இரண்டு பெரிய மரச் செருப்பு மாதிரி இருக்கும். வேகம் பிடித்துவிட்டால் அந்த இரண்டும், பின்னால் மோட்டார் விசிறியும் மட்டும்தான் தண்ணீரைத் தொடும். இந்த ஷெட்டை ஆரம்பித்த வெள்ளைக்காரர் ஊருக்குப் போகும்போது என்னிடம் விட்டுப்போனவை இரண்டு: ஒரு பூதக்கண்ணாடி, ‘ஒரிஜினல்’ என்ற ஒரு வார்த்தை. கம்பெனியை விட்டு வெளியே வந்த அன்றைக்குப் படகு எப்படி இருந்ததோ அப்படியே ஆக்க வேண்டும். நடுவில் எவனாவது எதையாவது ஒட்டியிருந்தால் பிடுங்கிப் போட வேண்டும். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு தொங்கியதில் நான் பட்ட பாடுதான் இது. எல்லாம் ஒரே படகில் நடந்தவை. எங்கள் வாடிக்கையாளர்கள் அரபி, இங்கிலீஷ், ஹிந்தி மூன்றையும் கலக்கி அடிப்பார்கள். நான் தமிழில் தருகிறேன்.

ஆட்டுக்கொட்டகைக் கூரை

ஒரு நாள் காலையில் பிக்கப்பில் ஏதோ ஒரு நீல நிறச் சாமான் வந்து இறங்கியது. மேலே பேரீச்ச ஓலைப் பாய், கீழே ஆட்டுப் புழுக்கை, சுற்றிலும் கயிறு. கொண்டுவந்தவர் பெயர் காலித். முப்பத்தைந்து வயது, கவர்ன்மென்ட் ஆபீஸில் வேலை, மரியாதையான ஆள். "இது படகா, இல்லை வெறும் கூரையா? பார்த்துச் சொல்" என்றார். மூக்கைப் பிடித்துக்கொண்டு புரட்டிப் போட்டேன். பன்னிரண்டு அடி நீளம், முன்னால் இரண்டு செருப்பு, விரல் கனம்கூட இல்லாத ஒட்டுப்பலகை, எல்லா இடத்திலும் பித்தளை ஸ்க்ரூ. பந்தயப் படகுதான், பின்னால் மோட்டார் மாட்டுகிற வகை, வயது அறுபதாவது இருக்கும் என்று சொல்லிவிட்டேன்.

காலித் அங்கே கிடந்த டிரம்மின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவருடைய அப்பாவுக்கு எண்பது நெருங்குகிறது. வீட்டில் டிரைவர், சமையல்காரர் எல்லாரும் ‘பாபா’ என்று கூப்பிடுவதால் நானும் பாபா என்றே சொல்கிறேன். இந்த எமிரேட்டுகள் எல்லாம் சேர்ந்து ஒரே நாடு ஆவதற்கு முன்னால், எண்ணெய்க் கம்பெனி வெள்ளைக்காரர்கள் கோர்ஃபக்கான் கடலில் தங்களுக்குள் இப்படிப் படகுப் பந்தயம் விடுவார்களாம். ஒரு தடவை ஒரு வெள்ளைக்காரருக்குக் காய்ச்சல். அவருக்குப் பதிலாக பாபா ஏறி ஓட்டி, முதலாவதாக வந்தாராம். வெள்ளைக்காரர் நாட்டை விட்டுப் போகும்போது படகை இவர்கள் வீட்டுக்கே கொடுத்துவிட்டாராம். ஐம்பது வருஷமாக பாபா சொல்கிற கதை இது. ஆனால் பாபாவின் அண்ணன் பிள்ளைகள் ஒப்புக்கொள்வதில்லை. ஓட்டியது செத்துப்போன எங்கள் அப்பா, உங்கள் அப்பா கரையில் நின்று கயிறுதான் பிடித்தார் என்கிறார்கள். ஒவ்வொரு பெருநாளைக்கும் பிரியாணிக்கு நடுவில் இதே சண்டை.

வருகிற பெருநாளைக்கு மொத்தக் குடும்பமும் தோட்டத்தில் கூடுகிறது. படகைப் புதுசாக்கி நடுவில் வைத்து, ஓட்டியவர் பெயரை மேல்தட்டில் எழுத வேண்டும். யார் பெயர் என்பதை நான்தான் படகைப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டுமாம். பாபாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷன் வேண்டாம் என்கிறார். அடுத்த பெருநாள் வரை இருப்பாரா என்று காலித்துக்குப் பயம். "உங்களுக்கு என்ன தோணுது, யார் ஓட்டினது?" என்று கேட்டேன். அந்த ஆட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டே அவர் சொன்னார்: "சின்ன வயசுல அப்பா சொன்னதை நம்பினேன். இப்ப நம்பணும்னு ஆசையா இருக்கு."

முட்டி போடும் பந்தயம்

மறுநாள் மதியத்துக்குள் என் போனில் நாற்பத்தாறு போட்டோ. இது மாதிரி சீட், இது மாதிரி ஸ்டியரிங், இது மாதிரி கப் ஹோல்டர். ஐயா, இந்த வகைப் படகில் சீட்டே கிடையாது, ஓட்டுகிறவர் தரையில் முட்டி போட்டு, முன்னால் குனிந்து, ஒரு கையில் ஸ்டியரிங், ஒரு கையில் ஆக்சிலேட்டர் பிடித்து ஓட்ட வேண்டும் என்று நான் மெசேஜ் அனுப்பினால், "நோ நோ" என்று பதில். நேரிலேயே வந்துவிட்டார். வேறு வழியில்லாமல் ஷெட் தரையில் நானே முட்டி போட்டுக் காட்டினேன். நாற்பத்தொன்பது வயதில். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் தயவில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு என்றாலும், சிமென்ட் தரை சிமென்ட் தரைதான்.

அவர் அதை வீடியோ எடுத்துக் குடும்ப குரூப்பில் போட்டுவிட்டார். மறுநாள் அவரிடமிருந்து போன்: "உன் வீடியோவை வீட்டுல எல்லாரும் பார்த்தோம். அம்மா கேக்குறாங்க, பாவம், இந்த ஆளுக்கு யாரு தண்டனை குடுத்ததுன்னு."

மூன்று லேண்ட் குரூசர்

அந்த வீடியோ போக வேண்டாத இடத்துக்கும் போயிருக்கிறது. அந்த வாரமே பாபாவின் அண்ணன் பிள்ளைகள் மூன்று லேண்ட் குரூசரில் வந்து இறங்கினார்கள். மூத்தவர் ராஷித். ஆறடி உயரம், குரல் அதைவிட உயரம். கையோடு பேரீச்சம்பழமும் ஃபிளாஸ்க்கில் கடக் சாயாவும் கொண்டுவந்து, என் ஷெட்டிலேயே எனக்கு விருந்து வைத்துவிட்டுப் பேச்சை ஆரம்பித்தார். "எங்க அப்பா என்னை மாதிரியே உயரம். பந்தயம் ஓட்டுற உடம்பு. சித்தப்பா சின்ன வயசுல பேரீச்ச மரத்துல இருந்து விழுந்து தொடை எலும்பு உடைஞ்சவர். வலது கால் ரெண்டு விரல் அளவு குட்டை. நேரா நிக்கவே சிரமப்படுறவர் படகு ஓட்டியிருப்பாரா? நீயே சொல்லு."

நான் என்னத்தைச் சொல்ல? எந்த வருஷம், என்ன மரம், எத்தனை குதிரைச் சக்தி மோட்டார் என்று கேட்டால் சொல்லலாம். ஓட்டியவர் பெயரை மரம் எங்கே எழுதி வைத்திருக்கப்போகிறது? அதைத்தான் பணிவாகச் சொன்னேன். ராஷித் சாயா கப்பைக் கீழே வைத்தார். "மரம் பேசாதுன்னா, அதுகிட்ட கேக்குற வேலைக்கு உனக்கு எதுக்கு விசா?"

ஒன்பது நாள்

எங்கள் பெயின்டர் ஜபருல்லா, காயல்பட்டினம். கையில் சாண்டர் மெஷினைக் கொடுத்தால் புஜைரா மலையையே வழவழப்பாக்கிவிடுவான். அவனைப் படகுக்குப் பக்கத்தில் விடாமல் காப்பதே எனக்குத் தனி டியூட்டி. பழைய பந்தயப் படகில் பெயின்ட்டை ஒரேயடியாகச் சுரண்டக் கூடாது. உள்ளங்கை அளவு இடத்தில் ஈர உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து ஒவ்வொரு அடுக்காகத் திறக்க வேண்டும். முதலில் தோட்டத்து கேட்டுக்கு அடித்த நீலம், அதற்குக் கீழே வெள்ளை, அப்புறம் பச்சை, அப்புறம் ஒரு மஞ்சள், அதன் மேல் சிவப்பில் ஏதோ ஒரு வளைவு. அந்த வளைவு ஓர் எண் என்று தெரிவதற்கு ஆறு நாள். அது 3 என்று முடிவாவதற்கு இன்னும் மூன்று நாள்.

எனக்கு அன்றைக்கு ஒரே சந்தோஷம். பந்தய எண் கிடைத்துவிட்டது, ஆட்டுக் கூரைக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடைத்த மாதிரி. காலித்துக்குப் போன் போட்டால், "3 யாரோட நம்பர், அப்பாவா, பெரியப்பாவா?" என்று கேட்கிறார். வெள்ளைக்காரரின் நம்பர் ஐயா, படகோட நம்பர்! போனை வைத்துவிட்டுத் திரும்பினால் ஜபருல்லா ஒன்பது நாளாகச் சும்மா கிடக்கும் சாண்டரைத் துணியால் துடைத்துக்கொண்டிருக்கிறான். "அண்ணாச்சி, ஒரு மணி நேர வேலையை ஒன்பது நாள் பாத்து, நமக்கு ஏற்கனவே தெரிஞ்ச படகுன்னே கண்டுபிடிச்சிருக்கீங்க, மாஷா அல்லாஹ்."

நான் பார்த்த நல்ல வேலை

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். பின்னால் நான் தலையில் அடித்துக்கொள்ளும்போது காரணம் புரியும்.

உள்பக்கத்தைச் சுத்தம் செய்தபோது தரையில் ஒரு கட்டை அடித்திருந்தது தெரிந்தது. இரண்டு விரல் கனம், ஒன்றரைச் சாண் நீளம். பழைய அரபு வீட்டுக் கூரைகளுக்குப் போடுவார்களே, அந்தக் கண்டல் மரம். கோணல்மாணலாக வெட்டி, மீன்பிடிப் படகுக்கு அடிக்கிற நாலு இரும்பு ஆணியை வைத்து அறைந்திருந்தார்கள். இரும்பு ஆணி! விரல் கனமில்லாத பலகையில்! ஆணியைச் சுற்றிலும் துரு ஊறி மரம் கறுத்துக் கிடந்தது. எனக்கு ரத்தம் கொதித்தது. எந்த மடையன் செய்த வேலை இது என்று சத்தமாகவே திட்டினேன். கட்டையின் நடுவில் ஒரு குழிவு இருந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து நானே தீர்ப்பும் சொல்லிவிட்டேன்: படகு கவிழ்ந்து கூரையாகக் கிடந்தபோது, கீழேயிருந்து முட்டுக் கொடுத்த தூண் அழுத்திய குழி இது. ஆட்டுக்கொட்டகைச் சாமான். ஒரிஜினல் இல்லை. பிடுங்கு.

மூன்று ஆணி முழுதாக வந்தது. நாலாவது பாதியில் முறிந்து, தலைப் பக்கம் கட்டையோடு வந்துவிட்டது. முனைப் பக்கம் அடியில் சட்டத்துக்குள் தங்கிவிட்டது. தோண்டி எடுக்கத்தான் வேண்டும். ஆனால் அன்றைக்கு வெயில் நாற்பத்தாறு டிகிரி, ஷெட்டில் ஒரு ஃபேன்தான். யார் பார்க்கப் போகிறார்கள் என்று அப்படியே விட்டுவிட்டேன். பதினேழு வருஷத்தில் நான் செய்த ஒரே திருட்டு வேலை அதுதான். கட்டையை மூலையில் வீசினேன். கறுத்த இடத்தை ஆசிட் போட்டு வெளுக்க வைத்து, நாலு ஓட்டையிலும் ரேகைக்கு ரேகை பொருந்துகிற மாதிரி மரத் தக்கை அடித்து, இழைத்து, எட்டுக் கோட் வார்னிஷ் அடித்தேன். ஜபருல்லா குனிந்து, நிமிர்ந்து, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "அண்ணாச்சி, இங்க ஓட்டை இருந்துச்சுன்னு அல்லாவைத் தவிர யாருக்கும் தெரியாது."

காக்கா கடை

மேல்தட்டுக்குப் பித்தளை ஸ்க்ரூ வேண்டும். அதுவும் தலையில் ஒற்றைக் கோடு போட்ட பழைய மாதிரி. அந்தக் காலத்துப் படகில் நட்சத்திரத் தலை ஸ்க்ரூ தெரிந்தால், விவரம் தெரிந்தவன் ஒரே பார்வையில் சிரித்துவிடுவான். கீழக்கரை காக்காவின் (அந்த ஊரில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) ஹார்டுவேர் கடையில் போய்க் கேட்டேன். அவர் ஸ்டீல் ஸ்க்ரூவை எடுத்து வைத்தார். ஒற்றைக் கோடு காக்கா என்றேன். நட்சத்திரத் தலையை எடுத்து வைத்தார். கடைசியில் பரணிலிருந்து தூசி தட்டி ஒரு டப்பா வந்தது. ஸ்டீல் போட்டால் நூறு வருஷம் நிற்கும், இது எதற்கு என்றார். நூறு வருஷம் கழித்து இதைப் பிரிக்கிறவன் என்னைத் திட்டுவான் காக்கா என்றேன். டப்பாவைக் கவரில் போட்டுக்கொண்டே சொன்னார்: "தம்பி, இருக்கிறவன் திட்டுறதையே நீங்க காதுல வாங்க மாட்டேங்கிறீங்க, பொறக்காதவன் திட்டுறதுக்குப் பயப்படுறீங்களே."

பாபா ஏறி உட்கார்ந்தார்

பெருநாளைக்கு இன்னும் பத்து நாள். படகு மஞ்சளும் சிவப்புமாகப் பளபளக்கிறது. மேல்தட்டில் பெயர் எழுத வேண்டிய இடம் மட்டும் காலி. அங்கே யார் பெயர் என்று முடிவு செய்ய ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் காலித் பாபாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். நியாயமாக இருக்க வேண்டும் என்று ராஷித்தையும் அழைத்திருந்தார். பாபா ஒல்லியான, குட்டையான மனுஷர். கைத்தடி ஊன்றி, வலது பக்கம் சாய்ந்து சாய்ந்து நடந்தார். படகைக் கண்ணால் பார்க்க முடியாததால் மூக்கிலிருந்து பின்பக்கம் வரை உள்ளங்கையால் தடவிக்கொண்டே போனார். அப்புறம், உள்ளே ஏற வேண்டும் என்றார்.

நானும் ஜபருல்லாவும் தூக்கி உட்காரவைத்தோம். யாரும் சொல்லித்தராமலே முட்டி போட்டார். போட்டதும் உடம்பு வலது பக்கம் சரிந்தது. இடது கை ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்ள, வலது கை தரையில் எதையோ தேடியது. தடவித் தடவி, முட்டிக்குக் கீழே, முன்னால், பின்னால். "கட்டை எங்கே?" என்றார். எனக்குக் காதில் விழுந்தும் விழாத மாதிரி இருந்தது. "என் முட்டிக்கு அடியில கட்டை இருக்கும். அது இல்லாம நான் சாய்வேன், நான் சாஞ்சா படகு சாயும்." ராஷித் சிரித்தார். ஐம்பது வருஷக் கதையில் கட்டை வந்ததே இல்லையே சித்தப்பா என்றார். பாபாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஜெயிச்சதைச் சொல்லுவேனா, என் கால் குட்டைன்னு ஊருக்குச் சொல்லுவேனா?" என்றார்.

தூண் அழுத்திய குழியாம்! பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தானாம்! கட்டை இருந்தது பாபா, நான்தான் பிடுங்கினேன், ஒரிஜினல் இல்லை என்று நினைத்துவிட்டேன் என்று சொல்லி முடிப்பதற்குள் சட்டை நனைந்துவிட்டது. அவர் மகன் சொன்னதற்காக நீ கதை கட்டுகிறாய் என்று ராஷித் என்னைப் பார்த்து விரலை ஆட்டினார். நாளைக்குக் காலையில் வந்து பாருங்கள், காட்டுகிறேன் என்று சவால் விட்டேன். எந்தத் தைரியத்தில் விட்டேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. பாபா என் பக்கம் முகத்தைத் திருப்பினார். "ஐம்பது வருஷம் ஆட்டுக்கு நடுவுல கெடந்து போகாத கட்டை, படிச்ச உன்கிட்ட வந்து ரெண்டு மாசத்துல போச்சா?"

சாம்பிள் கட்டை

அவர்கள் போனதும் ஷெட்டைத் தலைகீழாகப் புரட்டினேன். வீசிய மூலையில் கட்டை இல்லை. குப்பை வண்டி வாரம் ஒருமுறை வந்து போகிறது. கட்டையை வீசி ஆறு வாரம் ஆகிவிட்டது. இருந்தாலும் வெளியே இருந்த குப்பைத் தொட்டிக்குள் இறங்கினேன். பக்கத்து ஒர்க்‌ஷாப் வாட்ச்மேன் வந்து எட்டிப் பார்த்து, என்ன பாய் ரூம் மாத்திட்டியா என்று விசாரித்துவிட்டுப் போனான். வயதானவர் ஒருவர் ஐம்பது வருஷம் காப்பாற்றிய பேச்சை நான் ஒரு மத்தியானத்தில் பிடுங்கி எறிந்துவிட்டேனே என்று நினைத்தபோது, நெஞ்சுக்குள் கல் வைத்த மாதிரி இருந்தது. பொய் சொல்லவில்லை, கண் கலங்கிவிட்டது.

மக்ரிப் தொழுதுவிட்டு வந்த ஜபருல்லா, என்ன அண்ணாச்சி தேடுறீங்க என்று கேட்டான். இவ்வளவு நேரம் இவனும்தானே பாபா பக்கத்தில் நின்றான்? அரபி புரியவில்லையாம். கட்டை, கண்டல் கட்டை, நடுவில் குழி என்றேன். அவன் பெயின்ட் டப்பாக்களை நகர்த்தி அடியிலிருந்து ஒன்றை உருவினான். அதேதான். ஆனால் மேலே கோடு கோடாக மஞ்சள், சிவப்பு, வெள்ளை, இன்னும் மூன்று விதமான மஞ்சள். படகில் அடிப்பதற்கு முன்னால் ஒவ்வொரு கலரையும் அதில்தான் அடித்துப் பார்த்திருக்கிறான். நடுக்குழியில் தூரிகையைச் சாய்த்து வைக்க வசதியாக இருந்ததாம். முறிந்த ஆணி அதிலேயே நீட்டிக்கொண்டிருந்தது. நான் அந்தக் கட்டையைக் குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். அவன் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டான்: "நீங்க ஒரிஜினல் இல்லைன்னு எறிஞ்சீங்க, நான் சாம்பிள்னு எடுத்து வச்சேன். இப்பச் சொல்லுங்க, யாரு எக்ஸ்பர்ட்?"

காந்தம்

மறுநாள் காலையில் எல்லாரும் வந்துவிட்டார்கள். ராஷித் இரண்டு தம்பிகளையும் சாட்சிக்குக் கூட்டிவந்திருந்தார். கட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தார். நேற்றுச் சாயங்காலம் எங்கேயாவது பொறுக்கிப் பெயின்ட் பூசியிருப்பாய் என்றார். இந்தப் படகில் இருந்த கட்டை என்றால் ஆணி அடித்த ஓட்டையைக் காட்டு. நியாயமான கேள்வி. நானும் குனிந்தேன். தேடினேன். டார்ச் அடித்தேன். பூதக்கண்ணாடி வைத்தேன். தரை கண்ணாடி மாதிரி மின்னியது. ஒரு புள்ளி, ஒரு கறை, ஒரு வளையம்? ஊஹூம். என்னுடைய ஓட்டை எனக்கே கிடைக்கவில்லை. நம் தொழிலில் வேலையை அரைகுறையாகச் செய்து மாட்டிக்கொண்டவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வேலையைச் சுத்தமாகச் செய்து மாட்டிக்கொண்டவன் நான் ஒருவன்தான்.

அப்போதுதான் அந்தத் திருட்டு வேலை ஞாபகம் வந்தது. ஆணி முனை! இந்தப் படகில் முழுக்கப் பித்தளை ஸ்க்ரூ. காந்தம் எங்கேயும் ஒட்டாது. கீழே விழுந்த ஸ்க்ரூ பொறுக்குகிற காந்தத்தை எடுத்து வார்னிஷ் மேல் மெதுவாக நகர்த்தினேன். வலது பக்கம் ஓர் இடத்தில் டக்கென்று ஒட்டியது. அந்த இடத்தில், நானே ரேகை பார்த்து அடித்த தக்கையை, நானே அடித்த எட்டுக் கோட் வார்னிஷோடு, நானே தோண்டினேன். அந்த வலியைச் சொல்லி முடியாது. துரு பிடித்த முனை வெளியே வந்தது. கட்டையில் நீட்டிக்கொண்டிருந்த பாதியோடு சேர்த்து வைத்தேன். முறிந்த பல்லுக்குப் பல் பொருந்தியது. ராஷித் பூதக்கண்ணாடியை என் கையிலிருந்து வாங்கி மூன்று தடவை பார்த்தார்.

அந்த ஆணியை அளவாக வைத்துக் கட்டையைப் பொருத்தி, பாபாவை மறுபடியும் ஏற்றினோம். முட்டி அந்தக் குழிக்குள் போய் அமர்ந்தது. உடம்பு சரியவில்லை. நேராக இருந்தார். ராஷித் குனிந்து அந்த முட்டியைப் பார்த்தார். அப்புறம், அந்த உயரமான குரல் எங்கே போனதோ, மெல்லச் சொன்னார்: "எங்க அப்பாவுக்கு ரெண்டு காலும் சரியாத்தான் இருந்துச்சு."

திரும்ப அடித்த ஆணி

இதோடு முடிந்தது, கலாஸ், பெயர் எழுதலாம் என்று ஜபருல்லா தூரிகையை நனைத்துவிட்டான். பாபா விடவில்லை. கட்டையைத் திரும்ப அடிக்க வேண்டும். பித்தளை ஸ்க்ரூ போடுகிறேன் பாபா என்றேன். கூடாது. ஒட்டிவிடுகிறேன் என்றேன். கூடாது. எந்த ஆணியோ அந்த ஆணி, எந்தக் கோணலோ அந்தக் கோணல். அந்த ஆணிகளை எங்கே போய்த் தேடுவது என்று நான் முழிக்க, ஜபருல்லா அவற்றையும் டப்பா மூடி திறப்பதற்கு வைத்திருந்தான்! மூன்றை நிமிர்த்தி, முறிந்ததற்குப் பதிலாக மீன்பிடித் துறையிலிருந்து ஒன்றை வாங்கிவந்தேன். மிச்ச மூன்று தக்கைகளையும் தோண்டினேன். எட்டுக் கோட் வார்னிஷ் அடித்த தரையில், பந்தயப் படகில், சுத்தியலை ஓங்கி நானே இரும்பு ஆணி அடித்தேன். ஒவ்வோர் அடியும் என் மண்டையில் விழுந்தது. தாங்க முடியாமல் ஹிந்தியில் கேட்டும்விட்டேன்: "முதல்ல எந்த மடையன் பாபா இதை அடிச்சது?"

காலித் அதை அப்படியே மொழிபெயர்த்துவிட்டார். பாபா சிரித்தார். சிரிப்பு நின்றதும் கையை நீட்டி ராஷித்தின் தோளைத் தேடிப் பிடித்துக்கொண்டு, அவரைப் பார்த்துத்தான் பதில் சொன்னார்: "உங்க அப்பாதான். ஆணி அடிக்கத் தெரியாது அவனுக்கு. பந்தயத்துக்கு முந்தின நாள், நான் சாஞ்சு சாஞ்சு விழுந்து அழுததைப் பார்த்துட்டு, வீட்டுக் கூரையில இருந்து மரத்தை வெட்டிட்டு வந்து அடிச்சான். கயிறு பிடிச்சதும் அவன்தான். அவன் பேரை முதல்ல எழுதச் சொல்லு."

இரண்டு பெயருக்கு இடம் போதாது என்று ஜபருல்லா இன்னும் முனகிக்கொண்டிருக்கிறான்; நானோ அன்றிலிருந்து எந்தக் குப்பை யாருடைய முட்டிக்கு அடியில் இருந்ததோ என்று பயந்து எதையும் எறியாமல், ஷெட்டில் கால் வைக்க இடமில்லாமல் ஒற்றைக் காலில் நின்று வேலை பார்த்துக்கொண்டிருக்கிறேன்.